வீட்டிலிருந்தே படிக்கலாமே என்கிறார்கள்

வாசகர் கேள்வி பதில்

திருச்சியில் ஒரு மாலைக் கல்லூரியில் 28 வருடம் வணிகவியல் நடத்திவிட்டு 2021-ல் ஓய்வு பெற்றவள் நான். வேலை பார்த்துக்கொண்டே படிப்பது பற்றி நிறையக் கடிதங்கள் சேர்ந்துவிட்டன. அதனால் இந்த இதழ் முழுக்க அவற்றுக்கே. ஒரே மாதிரி வந்தவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

எனக்கு 34 வயது. பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். இரண்டு பிள்ளைகள். பி.காம். முடித்துப் பதின்மூன்று வருடம் கழித்து எம்.பி.ஏ. படிக்க ஆசை. ஞாயிற்றுக்கிழமைகளில் நேரில் வகுப்பு வைக்கும் படிப்பு ஒன்று, முழுக்க ஆன்லைனில் நடக்கும் படிப்பு ஒன்று, இரண்டும் பார்த்து வைத்திருக்கிறேன். "வீட்டிலிருந்தே படிக்கலாமே, ஞாயிற்றுக்கிழமையும் எதற்கு அலைய வேண்டும்?" என்கிறார் கணவர். எதில் சேரட்டும் டீச்சர்?
வாசகி, திருப்பூர்

உங்கள் கணவர் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் 'வீட்டிலிருந்தே' என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் விஷயமே இருக்கிறது.

என்னிடம் பி.காம். படித்த ஒரு பெண், பகலில் ஜவுளிக்கடையில் பில் போடுகிறவர். வகுப்பு ஐந்தே முக்காலுக்கு. அவர் ஐந்தரைக்கே வந்து, மேஜையில் பேப்பரை விரித்துப் பீன்ஸ் நார் எடுத்துக்கொண்டிருப்பார். நான் உள்ளே நுழைந்ததும் பீன்ஸ் பைக்குள் போய்விடும், நோட்டு வெளியே வரும். பரீட்சைக்கு முன்னால் படிப்பு விடுமுறை விட்டோம். மறுநாள் ஏதோ வேலையாகக் கல்லூரிக்குப் போனால், காலி வகுப்பில் இவர் மட்டும் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "லீவுதானேம்மா, வீட்டில் படிக்கலாமே?" என்று நானும் உங்கள் கணவர் மாதிரியே கேட்டேன். அவர் சொன்ன பதில்: "வீட்ல உட்கார்ந்தா 'வீட்லதான் இருக்கா'ன்னு ஆயிடும் மேடம். இங்க உட்கார்ந்தாத்தான் 'படிக்கப் போயிருக்கா'ன்னு இருக்கும்."

அதற்கு முன் பத்து வருடம் பாடம் நடத்தியிருந்தேன். வகுப்பறைக்கு இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பாடத்தைப் புத்தகமும் சொல்லும், போனும் சொல்லும். ஆனால் மூன்று மணி நேரம் யாரும் உங்களிடம் தண்ணீர் கேட்காமல் இருப்பதற்கு ஒரு முகவரி வேண்டும். ஆண்களுக்கு அந்த முகவரி தேவைப்படாது. அவர்கள் மொட்டை மாடிக்குப் போய்விட்டாலே 'அப்பா படிக்கிறார்' ஆகிவிடுகிறது. அம்மா ஹெட்போன் மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தால் 'சும்மாதானே இருக்கே, மூணு விசில் வந்ததும் அடுப்பை அணைச்சிடு' என்று குரல் வரும். விசிலை எண்ணிக்கொண்டே நிதி மேலாண்மை கேட்க முடியாது. முக்கால் மணி நேர வீடியோ இரண்டு மணி நேரம் ஓடும். கடைசியில் தனக்குத்தான் கவனம் இல்லை என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்வீர்கள்.

அதற்காக ஞாயிறு வகுப்பில் சேருங்கள் என்று சொல்லிவிடவும் எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் மெர்ச்சண்டைசர். ஷிப்மென்ட் நெருங்கினால் உங்களுக்கு ஞாயிறும் கிடையாது, திங்களும் கிடையாது. பையர் மெயில் அனுப்பினால் ராத்திரி பதினொன்றுக்கும் பதில் போட வேண்டும். நேர்முக வகுப்பு மொத்தமே சில ஞாயிறுகள்தான் இருக்கும். அதில் நான்கு போய்விட்டால் திரும்ப வராது. பதிவுசெய்த வகுப்பு உங்களுக்கு அவசியம்.

ஆகவே ஆன்லைனில் சேருங்கள். ஆனால் வீட்டில் படிக்காதீர்கள்.

கம்பெனியில் வேலை முடிந்ததும் ஒரு மணி நேரம் அங்கேயே இருக்க முடியுமா பாருங்கள். சாம்பிள் ரூமோ மீட்டிங் ரூமோ, ஏதாவது ஒரு மூலை. இல்லையென்றால் நூலகம். வாரத்தில் மூன்று நாள் போதும், ஆனால் அந்த மூன்று நாளும் எவை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். காலண்டரில் 'வகுப்பு' என்றே எழுதுங்கள். 'படிப்பு' என்று எழுதினால் தள்ளிப் போட்டுவிடுவார்கள்.

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு மாதம் ஒத்திகை பாருங்கள். உங்கள் பழைய பி.காம். புத்தகத்தையே எடுத்துக்கொண்டு அந்த நேரத்தில் அந்த இடத்தில் போய் உட்காருங்கள். பன்னிரண்டு நாளில் ஒன்பது நாள் முடிந்ததென்றால் தைரியமாகக் கட்டலாம். ஐந்து நாள்தான் முடிந்ததென்றால், கணவரையும் உட்கார வைத்துப் பேச வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது.

எல்லாப் பாடமும் யூடியூபில் இலவசமாகக் கிடைக்கும்போது ஏன் பணம் கட்டிப் படிக்க வேண்டும்?
வாசகர், விழுப்புரம்

கட்ட வேண்டியதில்லைதான். மத்திய அரசின் 'ஸ்வயம்' தளம் 2017-லிருந்து இருக்கிறது. ஐ.ஐ.டி.க்கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். அதற்கும் மூத்தது. இரண்டிலும் பாடம் கேட்கக் கட்டணம் இல்லை. சான்றிதழ்த் தேர்வு எழுதத்தான் கட்டணம்.

ஆனால் ஒரு கணக்கைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து நடத்திய எட்எக்ஸ் இணைய வகுப்புகளை ஆராய்ந்து 2019-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. 2017-18-ல் சேர்ந்தவர்களில் படித்து முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்தான். சான்றிதழுக்காகப் பணம் கட்டியவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் 46 பேர். பணம் கட்டியதால் மூளை கூடிவிடவில்லை, போட்ட காசு உறுத்தியிருக்கும். முடிக்கும் எண்ணத்தோடு வந்தவர்கள்தான் கட்டியே இருப்பார்கள் என்பதும் உண்டு. நீங்கள் எந்த ரகம் என்று உங்களுக்கே தெரியும். போனில் 'பிறகு பார்க்க' என்று சேமித்து வைத்த வீடியோக்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து பம்ப் கம்பெனியில் ஏழு வருடமாக இருக்கிறேன். பி.இ. இல்லாததால் சூப்பர்வைசருக்கு மேல் போக முடியவில்லை. 'ஆன்லைன் பி.இ., ஒரே வருடத்தில் சர்டிபிகேட், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்' என்று ஒருவர் சொல்கிறார். அட்வான்ஸ் கேட்கிறார். கட்டலாமா?
வாசகர், கோயம்புத்தூர்

கட்டாதீர்கள். இந்த வரியோடு நிறுத்திவிடலாம். ஆனாலும் ஏன் என்று சொல்கிறேன். இதே ஆள் உங்கள் கம்பெனியில் இன்னும் நாலு பேரிடம் பேசியிருப்பார்.

தொலைநிலையிலோ ஆன்லைனிலோ பொறியியல் பட்டம் கொடுக்க யு.ஜி.சி. என்கிற பல்கலைக்கழக மானியக் குழுவின் விதியில் இடமே இல்லை. மருத்துவம், செவிலியர் படிப்பு, சட்டம், கட்டடக்கலை, மருந்தியல் எல்லாம் அதே பட்டியலில்தான். அனுமதி உள்ள படிப்பிலும் இளநிலை என்றால் பொதுவாக மூன்று வருடம், முதுநிலை என்றால் இரண்டு. 'ஒரே வருடத்தில்' என்ற சொல் காதில் விழுந்தாலே நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிடலாம். இன்னொன்று, இடையில் ஓர் ஏஜென்டை வைத்துப் பட்டப்படிப்பு நடத்தவும் அனுமதி கிடையாது. வெளிமாநில அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றின் தொலைநிலை 'ஸ்டடி சென்டர்' உங்கள் தெருவில் இருக்கிறது என்று போர்டு மாட்டியிருந்தால் அதுவும் விதிக்குப் புறம்பு.

உங்களுக்கு இருக்கிற வழி பகுதிநேர பி.இ. நீங்கள் இருப்பதே அதற்குத் தோதான ஊர். டிப்ளமா படித்து வேலையில் இருப்பவர்களுக்காகக் கோவையின் பழைய பொறியியல் கல்லூரிகள் பல வருடமாக மாலை வகுப்பு நடத்தி வருகின்றன. மூன்றரை வருடம், ஏழு செமஸ்டர். 2023-24 முதல் ஏ.ஐ.சி.டி.இ. என்கிற அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் வேலையில் இருப்பவர்களுக்குத் தோதான நேரத்தில் தனி வகுப்பு நடத்தக் கல்லூரிகளுக்கு அனுமதி தருகிறது. பக்கத்தில் எந்தக் கல்லூரி வாங்கியிருக்கிறது என்று விசாரியுங்கள்.

இனி உங்கள் உண்மையான பிரச்சினைக்கு வருகிறேன். அது ஷிப்ட். மாலை வகுப்பில் நான் பார்த்த அரியர்களில் பாதிக்கு மேல் மூளையால் வந்தவை இல்லை, செகண்ட் ஷிப்ட்டால் வந்தவை. முதல் வாரம் காலை ஆறிலிருந்து இரண்டு மணி, அது பிரச்சினையில்லை. அடுத்த வாரம் இரண்டிலிருந்து பத்து, அந்த வாரம் முழுக்க வகுப்பு போச்சு. மூன்றாம் வாரம் நைட். வகுப்புக்கு வருவார், ஆனால் எட்டரை மணிக்குக் கிளம்ப வேண்டும், மனசு கடிகாரத்திலேயே இருக்கும். மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் பாடம் ஓட்டையாகப் போனால், கணக்குப் பாடங்களில் அந்த ஓட்டை அடைபடாது.

அதனால் விண்ணப்பம் வாங்குவதற்கு முன்னால் டைம் ஆபீஸில் பேசுங்கள். ஜெனரல் ஷிப்ட் கிடைக்குமா, இல்லையென்றால் செகண்ட் ஷிப்ட்டை மாற்றிக்கொள்ள ஆள் உண்டா? பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்த என் மாணவர்கள் இருவர் ஒரே வகுப்பில் சேர்ந்தார்கள். ஒருவர் வராத நாளில் மற்றவர் கார்பன் வைத்து நோட்ஸ் எடுப்பார். கிரீஸ் கறை படிந்த அந்தக் கார்பன் பிரதி நான் எழுதிக் கொடுத்த எந்த நோட்ஸையும்விடத் தெளிவாக இருக்கும். இன்றைக்குக் கார்பன் வேண்டாம், போனில் போட்டோ போதும். எடுத்து அனுப்ப ஓர் ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் கம்பெனியிலிருந்தே இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டு போங்கள்.

ஆன்லைனில் வாங்கிய பட்டம் அரசு வேலைக்குச் செல்லுமா?
வாசகர், அரியலூர்

பல்கலைக்கழகத்துக்கும் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கும் யு.ஜி.சி. அங்கீகாரம் இருந்தால், நேரில் படித்த பட்டத்துக்குச் சமம் என்று 2020-ம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. பல்கலைக்கழகம் பெயர் பெற்றது என்பது மட்டும் போதாது. நீங்கள் சேரும் பருவத்தில், அந்தப் படிப்பு பட்டியலில் இருக்கிறதா என்று யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் நீங்களே பார்க்க வேண்டும். 2024-லிருந்து சேருகிற மாணவரே அங்கே ஓர் அடையாள எண் உருவாக்க வேண்டும் என்றும் வைத்திருக்கிறார்கள். "அதெல்லாம் நாங்களே பார்த்துக்கிறோம் சார்" என்று யாராவது சொன்னால் ஜாக்கிரதை.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, அப்புறம் பட்டம் என்ற வரிசையில் படித்தீர்களா என்பதையும் தமிழக அரசு வேலைக்குப் பார்ப்பார்கள். அந்த வரிசையைத் தாண்டி நேரே பட்டம் வாங்கியவர்கள் பிறகு சிரமப்பட்டதைப் பார்த்திருக்கிறேன்.

வயது 47. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருக்கிறேன். ஆன்லைனில் எம்.காம். படிக்கிறேன். வீடியோ பார்க்கும்போது எல்லாம் தெளிவாகப் புரிகிறது. சிலவற்றை இரண்டு தடவை, மூன்று தடவை பார்க்கிறேன். பரீட்சைத் தாளைக் கையில் வாங்கினால் ஒன்றுமே வருவதில்லை. வயதாகிவிட்டதா?
வாசகர், நாகர்கோவில்

வயதுக்கு இதில் பங்கு குறைவு. இருபது வயதுப் பிள்ளைகளும் இதையேதான் சொல்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகு நானே ஒரு புள்ளியியல் வகுப்பில் ஆன்லைனில் சேர்ந்து, ஆறாவது வாரத்தில் இதே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நின்றேன்.

கரும்பலகையில் இறுதிக் கணக்கு போடுவதை நினைத்துப் பாருங்கள். நான் ஒரு வேலை செய்வேன். இறுதிச் சரக்கிருப்பு, அதாவது வருடக் கடைசியில் விற்காமல் மீந்த சரக்கு, 18,400 என்று கணக்கில் இருக்கும். வியாபாரக் கணக்கில் வரவுப் பக்கம் போட்டுவிட்டு, இருப்பு நிலைக் குறிப்பில் (பேலன்ஸ் ஷீட்) சொத்துப் பக்கம் எழுதாமல் வேண்டுமென்றே விட்டுவிடுவேன். கூட்டினால் பொறுப்புப் பக்கம் 18,400 அதிகமாக நிற்கும். "டேலி ஆகலையே" என்று சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வேன்.

வகுப்பில் அதுவரை தூங்கிக்கொண்டிருந்தவர்கூட எழுந்துவிடுவார். ஒருவர் வித்தியாசத்தைப் பாதியாக்கிப் பார்ப்பார், அந்தத் தொகை தப்பான பக்கத்தில் ஏறியிருக்கிறதா என்று. இன்னொருவர் ஒன்பதால் வகுத்துப் பார்ப்பார், எண்ணை முன்பின்னாக மாற்றி எழுதிவிட்டோமோ என்று. நிஜமாகக் கடையில் கணக்கு எழுதுகிறவர் ஒருவர் பின்பெஞ்சிலிருந்து, "சரக்கு எங்க மேடம், ரெண்டு எடத்துல வரணுமே?" என்பார். பத்து நிமிஷம் போயிருக்கும். ஆனால் அந்த வகுப்பில் இருந்த யாரும் அதற்கப்புறம் இறுதிச் சரக்கிருப்பை விட்டதில்லை.

வீடியோவில் எப்போதும் டேலி ஆகிவிடுகிறது, அங்கேதான் சிக்கல். அதை எடுத்தவர் தப்புகளை வெட்டிவிட்டுத்தான் போடுவார். நீங்கள் பார்ப்பது ஒருவர் சரியாகக் கணக்குப் போடுவதை. அவருக்குத் தெரிந்திருப்பது உங்களுக்குத் தெரிந்தது மாதிரி ஒரு மயக்கம் வரும். மூன்றாம் தடவை பார்க்கும்போது அடுத்த வரி என்ன என்று முன்கூட்டியே தெரியும். அது அந்த வீடியோவைத் தெரிந்துகொண்டதுதான், கணக்கை இல்லை.

ரோடிகர், கார்பிக்கி என்று இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஒரு பக்கம். ஒரு தடவை படித்துவிட்டு, மூடி வைத்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் இன்னொரு பக்கம். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். பரீட்சை எப்போதும் ஐந்து நிமிஷத்தில் வருவதில்லையே.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். கணக்கு திரையில் வந்ததும் வீடியோவை நிறுத்துங்கள். போனைக் கவிழ்த்து வையுங்கள். பேப்பரில் நீங்கள் போடுங்கள். டேலி ஆகாது. ஆகாமல் இருக்கட்டும், இருபது நிமிஷம் தேடுங்கள். அதற்கப்புறம் வீடியோவை ஓடவிடுங்கள். ஒரு கணக்குக்கு ஒரு மணி நேரம் ஆகும். வாரத்துக்கு ஆறு கணக்குத்தான் முடியும். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்ப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

நீங்கள் சங்கத்தில் கணக்கர் வேறு. மாதக் கடைசியில் ஐம்பது பைசா உதைத்தால் விடியும்வரை தேடுகிறவர்தானே? அந்த ஆளைப் படிக்கும் நேரத்திலும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

நீங்கள் வகுப்பறையில் வாழ்ந்தவர். அதனால் அந்தப் பக்கமே சாய்ந்து பேசுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆன்லைனில் உங்களுக்கு நல்லதே தெரியவில்லையா?
வாசகி, சென்னை

சாய்வு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். சாக்பீஸ் தூளில் இருபத்தெட்டு வருடம் இருமியவளுக்கு அது இல்லாமல் போகுமா?

நல்லதும் தெரியும். 2020-ல் ஊரடங்கு வந்து போனில் வகுப்பு எடுக்க ஆரம்பித்தோம். எனக்கு முதல் வாரம் முழுக்க 'மேடம், மியூட்ல இருக்கீங்க'தான். அந்த வகுப்பில் காது கொஞ்சம் மந்தமான ஒரு பையன். நேர் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து என் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பான். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் அவனுக்குப் பாடம் அறுந்துவிடும். பாவி, இரண்டு வருடமாக அதை நான் கவனிக்கவே இல்லை. பதிவுசெய்த வகுப்பை ஹெட்போனில் சத்தமாக வைத்துத் திரும்பக் கேட்க ஆரம்பித்ததும் அந்த செமஸ்டரில் அரியர் இல்லாமல் தேறினான். எனக்குச் சந்தோஷத்தைவிட வெட்கம்தான் அதிகம். கைக்குழந்தைக்காரி ஒருத்தி, கடைசி பஸ்ஸைப் பிடிக்க எட்டு மணிக்கே ஓடுகிற மணப்பாறைக்காரர் ஒருவர், இவர்களுக்கெல்லாம் அந்த ஒன்றரை வருடம் ஒரு வரம்.

ஆனால் 'திரையா, கரும்பலகையா' என்று பிரிப்பதே எனக்குச் சரியாகப் படவில்லை. சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய தரவு அறிவியல் படிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பாடம் இணையத்தில். ஆனால் வாரா வாரம் அசைன்மென்ட் கெடு உண்டு, தேர்வுக்கு நேரில் மையத்துக்குப் போக வேண்டும். பிரிட்டனில் 1969-ல் தொடங்கிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் டி.வி.யில் பாடம் நடத்தியதுதான் ஊரெல்லாம் பேச்சு. ஆனால் மாணவர் எழுதி அனுப்புவதைத் திருத்தி, இரண்டு வரி எழுதித் திருப்பி அனுப்ப ட்யூட்டர்களையும் அங்கே வைத்திருந்தார்கள். எனக்கு டி.வி.யைவிட அந்த இரண்டு வரிதான் பெரிதாகத் தெரிகிறது.

காரணம் சொல்கிறேன். நான் எம்.காம். படித்தது அஞ்சல் வழியில். பகலில் ஓர் ஆபீஸில் கிளார்க். பாடம் பழுப்பு உறையில் வரும், பின் அடித்த ஓரம் கையைக் கிழிக்கும். விடை எழுதி அனுப்பினால் திருத்தி அனுப்புவார்கள் என்று விதி. நான் ஆறு தடவை அனுப்பினேன். ஒன்றும் திரும்பி வரவில்லை. ஏழாவது தடவை ஒரு உறை வந்தது. ஆசையாகப் பிரித்தால் உள்ளே வேறு யாருடைய விடைத்தாளோ! புதுக்கோட்டையில் ஒரு பள்ளியில் எழுத்தராக இருந்த பெண்மணியினுடையது. நிறுவனத்தின் பெயர் இப்போது எதற்கு, விடுங்கள்.

அந்த விடைத்தாளை நானே ஸ்டாம்ப் ஒட்டி அவருக்கு அனுப்பினேன். கூடவே, 'நான்காம் கேள்வியில் தேய்மானத்தை இரண்டு தடவை கழித்திருக்கிறீர்கள், திருத்தியவர் கவனிக்கவில்லை' என்று ஒரு இன்லேண்ட் லெட்டரும் போட்டேன். பத்து நாளில் அவரிடமிருந்து பதில் வந்தது, ஒரு சந்தேகத்தோடு. அப்புறம் பரீட்சை வரைக்கும் இரண்டு பேரும் ஒருவர் விடையை ஒருவர் திருத்தினோம். நான் இரண்டு வாரம் எழுதாமல் இருந்தால் 'உடம்பு சரியில்லையா? காஸ்ட் அக்கவுண்டிங் எதுவரை போயிருக்கிறீர்கள்?' என்று கார்டு வந்துவிடும். அந்தக் கார்டுக்குப் பயந்துதான் நான் எம்.காம். முடித்தேன். நேரில் அவரை முதல் தடவை பார்த்ததே பரீட்சை ஹாலில்தான்.

ஆகவே எந்தப் படிப்பாக இருந்தாலும் சேருவதற்கு முன்னால் அந்த நிறுவனத்துக்கு ஒரு போன் போட்டு, "நான் இரண்டு வாரம் தலைகாட்டவில்லை என்றால் யார் என்னைக் கூப்பிடுவார்கள்?" என்று கேளுங்கள். "ஆட்டோமேட்டிக்கா எஸ்.எம்.எஸ். வரும் மேடம்" என்பார்கள். அப்படியானால் கார்டு போட ஆளை நீங்களேதான் தேடிக்கொள்ள வேண்டும்.

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். என் அம்மா அங்கன்வாடியில் வேலை பார்க்கிறார். போனில் பி.ஏ. படிக்கிறார். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகுதான் படிக்கிறார், பாதியில் தூங்கிவிடுகிறார். நான் எப்படி உதவலாம்? எனக்கு அவர் பாடம் புரியாது.
மாணவி, திண்டுக்கல்

கண்ணு, உனக்குப் பாடம் புரிய வேண்டாம். இரண்டு வேலை செய்.

முதல் வேலை, ராத்திரி பதினொன்றை மாற்று. ஏழரையிலிருந்து எட்டரை வரைக்கும் அம்மாவுக்கு வகுப்பு என்று வீட்டில் நீ அறிவித்துவிடு. தோசை மாவு பிரிட்ஜில் இருந்தால் தோசை ஊற்ற உனக்குத் தெரிந்திருக்கும். தம்பி தங்கை இருந்தால் அவர்கள் வீட்டுப்பாடமும் அந்த ஒரு மணி நேரத்துக்கு உன் பொறுப்பு. அப்பாவுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் பானை எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

இரண்டாவது வேலை, எட்டரைக்கு அம்மா வெளியே வந்ததும் "இன்னிக்கு என்ன படிச்சே?" என்று கேள். பார்க்காமல் சொல்லச் சொல். புரியாவிட்டாலும் தலையாட்டாதே, "புரியல, திரும்பச் சொல்லு" என்று சொல்.

அம்மா ஒரு நாள் படிக்கவில்லை என்றால் திட்ட வேண்டாம். ஏன் படிக்கவில்லை என்று மட்டும் கேள். அவருக்குப் பரீட்சை எப்போது என்று எனக்கு எழுது. அதற்கு ஒரு மாதம் முன்னால் நானே உன் அம்மாவுக்கு ஒரு கார்டு போடுகிறேன்.